கடைசிப் பக்கத்தில் அம்மா தூங்குகிறாள்

"டீச்சர், அம்மா தூங்குறாங்கன்னு போட்டிருக்குது. ஆனா கண்ணத் தொறந்துகினு இருக்காங்களே?"

கேட்டவள் ஆறாம் வகுப்புப் பெண். முன்பெஞ்சு. இரட்டைச் சடையில் ஒன்றில் எப்போதும் ரிப்பன் அவிழ்ந்து தொங்கும். பெயர் மறந்துவிட்டது, ரிப்பன் மறக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு மழைக்காலம். விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. வீடு திண்டிவனத்தில். தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வருவேன். மழை வந்தால் ரயில் தாமதம், பள்ளிக்கூரை ஒழுகல், வகுப்பறை முழுக்க நனைந்த பாவாடை வாடை. அன்றைக்கு நான் வந்து சேர்வதற்கு முன்பே தலைமையாசிரியை பார்சலைப் பிரித்து, புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டிருந்தார். நான் எழுதி, நானே படமும் வரைந்த புத்தகம். என் பெயர் போட்டு வந்த முதல் புத்தகம். எனக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டவள் அந்த ரிப்பன் பெண்.

"எங்க, காட்டு" என்று வாங்கினேன்.

கடைசிப் பக்கம். பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிக் குவியலில் சாய்ந்து அம்மா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு சிறுமி தூங்குகிறாள். கீழே நான் எழுதிய வரி: "அம்மா தூங்குகிறாள். சத்தம் போடாதே."

நான் வரைந்து அனுப்பிய அம்மாவுக்குக் கண்கள் மூடியிருந்தன. அச்சாகி வந்த அம்மா என்னை நேராகப் பார்த்தாள். நீளமான கண்கள். மை தீட்டி, ஓரத்தில் வால் இழுத்து, கருவிழியில் வெள்ளைப் பொட்டு வைத்த சினிமா போஸ்டர் கண்கள்.

வகுப்பு மொத்தமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அரைத்தூக்கம்டி" என்று சொல்லிவைத்தேன்.

"எங்கம்மாவும் அப்பிடித்தான் டீச்சர்" என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். "தூங்கற மாதிரியே இருக்கும். நாம வெளிய காலு வெச்சா, எங்கடி போறன்னு கேக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்குப் போய், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

ஏன் அழுதேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னுடைய பின்னால் போகிற வியாதி பழகிப்போயிருக்கும்.

ஆறும் மயிலும்

பதிப்பாளர் சென்னைக்காரர். பள்ளிகளுக்குப் புத்தகம் விற்க வந்தவர், சுவரில் ஒட்டியிருந்த என் படங்களைப் பார்த்துவிட்டு, "கிராமத்துல வளர்ற பிள்ளைங்களைப் பத்தி ஒரு படப் புத்தகம் பண்ணிக் குடுங்களேன்" என்றார். நல்ல மனிதர். பேசும்போது கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அவருக்குக் கிராமம் என்றால் ஆறு ஓட வேண்டும், மயில் ஆட வேண்டும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மாங்காய் அடிக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளி. ஆறு கிடையாது. ஏரி உண்டு, அதிலும் பாதி வருடம் மாடுதான் மேயும். மரம் என்றால் பனை. பிள்ளைப் பருவம் என்றால் மல்லாட்டை ஆய்வது.

செடியைப் பிடுங்கிக் குவித்திருப்பார்கள். சுற்றி உட்கார்ந்து, கொடியிலிருந்து காயைப் பிய்த்துக் கூடையில் போட வேண்டும். பொம்பளைகள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஆய்வார்கள். பிள்ளைகள் அவர்களை ஒட்டி உட்கார்ந்து ஆய்வோம். முதலில் விளையாட்டாகத்தான் இருக்கும். பொழுது ஏற ஏற நகக்கண்ணில் மண் போய் விரல் நுனி எரியும். எழுந்து ஓடினால் திட்டு விழும். மத்தியானம் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, குவியலோரம் அப்படியே சாய்வோம். பச்சைக் கொடியின் வாடை, அடியில் மண் சூடு, முகத்தில் ஈ. அந்தத் தூக்கத்தை இனிமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அலுப்பு. சின்ன உடம்புக்கு மீறிய அலுப்பு.

அதைத்தான் வரைவேன் என்றேன். பதிப்பாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு மயிலாவது போடுங்கம்மா."

ஒரு பக்கத்தின் மூலையில் காக்கை போட்டுக் கொடுத்தேன்.

"மல்லாட்டைன்னா மெட்ராஸ்ல யாருக்குப் புரியும்? வேர்க்கடலைன்னு எழுதிடுங்க."

படத்தைப் பார்த்தால் புரியும் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன். இந்தப் புத்தக விஷயத்தில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வரைவேன். துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு, முதுகு விட்டுப்போன நேரத்தில்தான் தூரிகையைத் தொட முடியும். வீட்டுக்காரர் பேப்பர் படித்தபடியே "இன்னும் முடியலியா?" என்று கேட்பார். அவர் கேட்டது படத்தை அல்ல, சமையலை. ஆனாலும் பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாப் பக்கத்திலும் அம்மா இருந்தாள். குடம் தூக்கிப் போகிறாள், குனிந்து அடுப்பு ஊதுகிறாள், முறத்தில் புடைக்கிறாள். எல்லாவற்றிலும் முதுகுதான், இல்லாவிட்டால் தலைமுடி. கடைசிப் பக்கத்தில் மட்டும் அம்மா நம் பக்கம் திரும்பி உட்கார்ந்தாக வேண்டும். மடியில் பிள்ளை இருக்கிறதே.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எனக்கு என் அம்மாவின் முகம் தெரியாது.

பெட்டிக்குள் இருந்த படம்

அம்மா காமாலையில் போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அண்ணன் டவுசர் போட்ட பையன். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. அதைவிட முக்கியமாக, திண்டிவனம் வரை போய் நிற்க யாருக்கு நேரம் இருந்தது?

ஆனால் செத்துப்போனால் மட்டும் போட்டோ எடுத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். குளிப்பாட்டி, புதுச்சேலை கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து எடுப்பார்கள். போட்டோக்காரர் திண்டிவனத்திலிருந்து பெட்டி கேமராவை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாராம். அம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருந்ததாம். "பின்னால யாராவது புடிச்சிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் போய்ப் பிடித்துக்கொண்டார். நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அம்மாவின் தலையைத் தாங்கியபடி.

அந்தப் படத்தில் அம்மாவின் நெற்றி இருக்கிறது, மூக்கு இருக்கிறது, உதடு இருக்கிறது. கழுத்தோரத்தில், மாலைக்குப் பக்கத்தில், சின்ன விரல்கள் கொஞ்சம் தெரியும். கண்கள் மூடியிருக்கின்றன.

கண் மூடிய படத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. ஸ்டூடியோவில் கொடுத்தால் மேலே வரைந்து கண் திறந்து கொடுப்பார்கள். பல வீடுகளில் மாலையோடு நம்மைப் பார்க்கிற தாத்தாக்களும் பெரியம்மாக்களும் அப்படிக் கண் திறக்கப்பட்டவர்கள்தான். அப்பாவும் படத்தை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் போனார். ஸ்டூடியோக்காரர், "கண்ணு எப்பிடி இருக்கும்? பெருசா, சின்னதா?" என்று கேட்டாராம். அப்பா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். தெரியாமல் வந்தாரா, சொல்ல முடியாமல் வந்தாரா என்று நாங்கள் கேட்டதில்லை. படம் டிரங்குப் பெட்டிக்குள் போனது. அப்பாவும் போன பிறகு பெட்டி அண்ணனிடம் இருந்தது.

அமாவாசை பஸ்

அண்ணனைக் கேட்டு வரலாம் என்று கிளம்பினேன். கிளம்பிய நாள் அமாவாசை என்பதைக் காலண்டரில் பார்க்கவில்லை. அமாவாசை என்றால் எங்கள் டவுன் பஸ்களில் பாதியை மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் விட்டுவிடுவார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சை மாலையும் வேப்பிலையுமாக ஜனம் நிற்கிறது, எங்கள் பக்கம் போகத்தான் வண்டி இல்லை. "பேஜாரு புடிச்ச நாளு பாத்து வந்துகினு" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் என் சார்பாகவும் திட்டித் தீர்த்தார். வெயிலில் நின்று, தொற்றி, இறங்கி நடந்து, வீட்டில் அண்ணியிடம் பெட்டியிலிருந்த படத்தை வாங்கிக்கொண்டு, மல்லாட்டை போட்டிருந்த கொல்லைக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம்.

அண்ணன் மல்லாட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. ஆள் கிடைக்காமல் அண்ணியும் அவருமாகவே பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

"வாம்மா. இன்னா திடீர்னு? வூட்ல எல்லாம் சௌக்கியம்தானே?"

விஷயத்தைச் சொன்னேன். வாங்கிவந்திருந்த படத்தையும், கூடவே நான் வரைந்துகொண்டிருந்த தாளையும் விரித்தேன். அந்தப் போட்டோவை நினைவில் வைத்து வரைந்த நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் பென்சிலில் இருந்தன. கண் இருக்கும் இடம் மட்டும் வெள்ளை.

"சொல்லுண்ணா. கண்ணு எப்பிடி இருந்துது?"

"கண்ணு கண்ணு மாதிரிதான் இருந்துது. இன்னா கேள்வி இது."

"பெருசா? உள்ள அடங்கினாப்லயா?"

அண்ணன் என் தாளைப் பார்த்தார். பிறகு கொல்லையைப் பார்த்தார். ஒரு கொடியை எடுத்து, ஒவ்வொரு காயாகப் பிய்த்துக் கூடையில் போட்டார்.

"எனக்கு வரலம்மா" என்றார். "கை ஞாபகம் வருது. கொரலு வருது. டேய் எழுந்திர்றான்னு எழுப்பும், அது இப்பவும் காதுல இருக்குது. மொகத்துக்கு வந்தா இந்த எழவு போட்டோதான் குறுக்க வந்து நிக்குது. இத எடுக்காமயே இருந்திருக்கலாம்."

அவ்வளவு தூரம் வந்து இதைக் கேட்கவா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணனுக்கு எல்லாம் தெரியும், நான்தான் சின்னவள் என்று இத்தனை வருடம் ஒரு நிம்மதியில் இருந்திருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவராவது அம்மாவைப் பார்த்து வைத்திருப்பார் என்று நம்பியிருந்தேன். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

அண்ணி கூழ் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு நிமிர்ந்தால், அண்ணன் குவியலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் பாதி ஆய்ந்த கொடி.

"சத்தம் போடாத. கொஞ்சம் தூங்கட்டும்" என்றார் அண்ணி.

நான் பென்சிலை எடுத்தேன். அண்ணன் சாய்ந்திருந்த விதத்தில் அம்மாவைச் சாய்த்து வரைந்தேன். மூடிய இமைகளைப் போட்டோவிலிருந்து எடுத்துக்கொண்டேன். அம்மா தூங்குகிறாள், அவ்வளவுதான். ஆய்ந்து ஆய்ந்து அலுத்துப்போய்த் தூங்குகிறாள். மூடிய கண்ணுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஆனாலும் ஒரு பாரம் இறங்கியிருந்தது. எங்களிடம் இருந்த ஒரே முகத்தை, சாவிலிருந்து எடுத்துத் தூக்கத்தில் வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தைத்தான் ரிப்பன் பெண் நீட்டினாள்.

திறந்தவர்

அந்த வாரக் கடைசியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்தேன்.

பதிப்பாளர் கர்ச்சீப்பை எடுத்தார். "நானும் பாத்தேன்மா. நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். கீழ இருக்கற வரியைக் கவனிக்கல." உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார்.

வந்தவருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். தடித்த கண்ணாடி. அச்சுக்குப் போகிற படங்களில் கோடு விட்ட இடம், வண்ணம் மங்கிய இடம் பார்த்துத் திருத்துவது அவர் வேலை. அதற்கு முன்னால் பல வருடம் போட்டோ ஸ்டூடியோவில் இருந்தவராம்.

"நீங்கதான் கண்ணைத் திறந்தீங்களா?"

"ஆமாம்மா" என்றார், பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்து. "பாத்த ஒடனே சாவு மொகமாப் பட்டுது. கொழந்தைங்க தொடற புஸ்தகம், அதுல போய் இப்பிடி இருக்கலாமா? படம் போட்டவங்க கண்ணை விட்டுட்டாங்க போலன்னு நானே தொறந்து விட்டேன். எத்தன வூட்டுக்குத் தொறந்து குடுத்த கைம்மா இது."

"தூங்கறாங்கன்னு எழுதியிருந்தேனே?"

"எனக்குப் படம் மட்டுந்தாம்மா வரும். எழுத்து தனியாப் போயிடும்."

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. நான் தூக்கம் என்று வரைந்ததை அவர் சாவு என்று பார்த்திருக்கிறார். சாவைப் பார்த்துத்தான் வரைந்தேன், அவரைச் சொல்லி என்ன? ஆனாலும் மனசு ஆறவில்லை. யாரோ ஒருத்தியின் கண்ணை எடுத்து என் அம்மாவுக்கு வைத்துவிட்டார்களே என்று இருந்தது. புத்தகங்கள் எல்லாம் பள்ளிகளுக்குப் போய்விட்டன. "அடுத்த அச்சுல சரி பண்ணிடலாம்மா" என்றார் பதிப்பாளர். அடுத்த அச்சு வரவே இல்லை.

திரும்பும் ரயிலில் ஒரே ஒரு யோசனைதான். இது அண்ணன் கண்ணில் படக்கூடாது.

அண்ணன் வந்த நாள்

மழை விட்டு, வெயில் வந்ததும் அண்ணன் மீதி மூட்டைகளை விற்கத் திண்டிவனம் வந்தார். வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"புஸ்தகம் வந்துட்டுதாமே? எனக்குக் காட்டணும்னு தோணலியா?"

வீட்டுக்காரர் வாயில் ஒன்றும் நிற்காது. வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினார்.

"நம்ம செவலை மாட்டுக்குக் கொம்பு இப்பிடியா இருந்துது? ஒண்ணு மடங்கி இருக்கும்" என்றார். "கூடை நல்லாப் போட்டிருக்கற" என்றார். காக்கையைப் பார்த்து, "இது எதுக்கு இங்க?" என்றார். மயில் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

கடைசிப் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை வைத்து அம்மாவின் கண்களை மறைத்தார். எடுத்தார். மறுபடியும் மறைத்துப் பார்த்தார். போட்டோவில் அம்மாவின் கழுத்தோரம் தெரியும் அதே விரல்கள். இப்போது காய்ப்பு ஏறி, நகத்தில் மண் கோத்து.

என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணா, அது நான் போட்ட கண்ணு இல்ல" என்று ஆரம்பித்து, சென்னைப் பெரியவர் வரை எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியுது" என்றார். "நம்ம ஊர்ல எவ மை வெச்சிகினு மல்லாட்ட ஆயப் போனா?"

"அம்மா கண்ணு இது இல்லண்ணா."

"எது அம்மா கண்ணு? உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எனக்கும் தெரியாது" என்றார் அண்ணன். "அன்னிக்கி நாற்காலிக்குப் பின்னால நின்னுகினு இருந்தேன். போட்டோக்காரன் அசையாதடான்னான், அசையல. முடிஞ்சதும் முன்னால வந்து ஒருவாட்டி மொகத்தப் பாக்கலாம்னு வர்றேன், அதுக்குள்ள ஜல்தி ஜல்தின்னு தூக்கிகினு போய்ட்டாங்க. அன்னிலேருந்து அந்தக் கண்ணு மூடிகினேதான் இருக்குது. போதும்மா. யாரு தொறந்தா இன்னா."

வெளியே ரயில்வே கேட் பக்கம் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"இந்த ஒண்ண மட்டும் எடுத்துக் குடு. மாட்டணும்."

பிளேடு வைத்துப் பக்கத்தை வெட்டினேன். கீழே இருக்கும் வரியையும் வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். சட்டைப் பைக்குள் மடிக்க மனசில்லாமல், செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் யாரும் இடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனார்.

அந்தப் படம் இன்றும் அண்ணன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இப்போது பக்கத்தில் அண்ணனும் படமாக இருக்கிறார். அண்ணி அமாவாசைக்கு இரண்டுக்கும் பூ வைத்துப் பொட்டிடுவார். அம்மாவின் படத்துக்கு அடியில் அந்த வரி அப்படியே இருக்கிறது: "அம்மா தூங்குகிறாள். சத்தம் போடாதே."

அம்மாவுக்கு அப்படிக் கண் வைத்தது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. ஆனால் அம்மாவை நினைத்தால் அந்தக் கண்கள்தான் வருகின்றன. பெயர்கூடத் தெரியாத ஒருவர் வரைந்த, மை தீட்டிய கண்கள். வேறு கண்களை வரவழைக்கப் பல வருடம் முயன்றிருக்கிறேன். வரவில்லை. இப்போது முயல்வதை விட்டுவிட்டேன். அவை வந்து பார்க்கும்போது, "சரி, வாம்மா" என்று சொல்லிவிடுகிறேன்.